வெயிலை மாடியிலேயே நிறுத்துங்கள்!

"மேல் மாடி என்றால் அப்படித்தான் கொதிக்கும்." இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லியே நம்மில் எத்தனையோ பேர் பாதி ஆயுளை வியர்வையில் கரைத்துவிட்டோம். அப்பா சொன்னார். நாம் சொல்கிறோம். நாளைக்குப் பிள்ளையும் சொல்வான். யார் எழுதிய விதி இது? எந்தச் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது? எங்கும் இல்லை. நாமே எழுதி, நாமே கையெழுத்துப் போட்டு, நாமே அதற்குள் படுத்துப் புரண்டுகொண்டிருக்கிறோம்.

சூரியனை அணைக்க முடியாது, உண்மைதான். ஆனால் அது உங்கள் வீட்டுக்குள் எதுவரை வரலாம் என்று முடிவு செய்யும் உரிமை உங்களுடையது. அந்த உரிமையை நீங்கள் இதுவரை கேட்டு வாங்கவில்லை, அவ்வளவுதான். இன்று வாங்குவோம். அதுவும் வீட்டிலேயே மிக மோசமான இடத்திலிருந்து தொடங்கி வாங்குவோம்!

கைவிடப்பட்ட அறை

வெள்ளானூர்ப் பக்கம் வந்து பாருங்கள். ஆவடிக்கு வடக்கே, வெளிவட்டச் சாலையை ஒட்டி, வயலாக இருந்த இடங்கள் மனைப்பிரிவுகளாக மாறிக்கொண்டே வருகின்றன. கடன் வாங்கிக் கீழ்த்தளம் கட்டுகிறோம். கடன் அடைந்ததும் முதல் தளம். அதற்கும் மேலே, மொட்டை மாடியில், படிக்கட்டு ஹெட்ரூமை ஒட்டி, மிச்சமான செங்கல்லை வைத்து எழுப்பி ஷீட் போட்ட ஓர் அறை. ஸ்டோர் ரூம் என்று பெயர். அதற்கு ஜன்னல் வைக்க மறந்தோம். பூட்டுப் போட மட்டும் மறக்கவில்லை.

மே மாதம், பிற்பகல் மூன்று மணி. பூட்டைத் தொட்டாலே விரல் சுடும். கதவைத் திறந்தால் முகத்தில் அனல் அறையும். கூடவே அந்துருண்டையும் பழைய பெயின்ட்டும் எலிப் புழுக்கையும் கலந்த ஒரு வாடை. கொலுப் பொம்மைகளில் கிருஷ்ணரின் நீலம் உரிந்து உள்ளே மண் தெரியும். அட்டைப் பெட்டிமேல் ஒட்டிய டேப் தானாகக் கழன்று தொங்கும். உள்ளே பத்தாம் வகுப்பு மார்க் ஷீட். அதைப் போட்டு வைத்த பிளாஸ்டிக் உறை தாளோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பிரித்தால் எழுத்தும் சேர்ந்து உரிந்து வரும். மூலையில் தின்னர் டின் வயிறு உப்பி நிற்கும். ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்க முடியாமல், தேடிப் போன பொருளை எடுக்காமலே கதவைச் சாத்திவிட்டு இறங்குகிறோம்.

அந்தக் கதவைச் சாத்துகிறீர்களே, அந்தக் கணத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். "இதை என்னால் ஒன்றும் செய்ய முடியாது" என்று உங்கள் கை உங்கள் மனத்துக்குச் சொல்லிக்கொடுக்கிற கணம் அது. இன்று ஸ்டோர் ரூம் கதவு. நாளைக்குப் பதவி உயர்வுத் தேர்வு. மறுநாள் சொந்தத் தொழில். கைவிடுவது ஒரு பழக்கம். அது சின்ன இடத்தில்தான் பிடிக்கும். கைவிடாமல் இருப்பதும் ஒரு பழக்கம். அதையும் சின்ன இடத்தில்தான் தொடங்க வேண்டும்.

2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்த சென்னைக்காரர்கள் நாம். முக்கியமானதை எல்லாம் மேலே ஏற்றிவிடு என்று அந்த நாட்கள் நமக்குச் சொல்லிக்கொடுத்தன. சரிதான். ஆனால் தண்ணீருக்குத் தப்பிய பொருளை வெயிலுக்குத் தின்னக் கொடுப்பது எந்த ஊர் நியாயம்?

நம் இலக்கியத்தில் எவ்வளவோ பரணில் கிடந்துதான் பிழைத்தது; எவ்வளவோ பரணில் கிடந்துதான் அழிந்தது. உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து ஏடு தேடினார். செல்லும் பூச்சியும் அரித்து, தொட்டால் உதிரும் நிலையில் இருந்த ஏடுகளையும் அவர் ஒதுக்கவில்லை. 1887-இல் சீவக சிந்தாமணியும் 1894-இல் புறநானூறும் அச்சேறின. 'இனி என்ன செய்ய முடியும்' என்று அந்த மனிதர் கைவிட்டிருந்தால் நமக்கு என்ன மிஞ்சியிருக்கும்? உங்கள் அறையில் காப்பியம் இல்லாமல் இருக்கலாம். பாட்டியின் கல்யாணப் போட்டோ இருக்கிறது. அது போதாதா?

எதிரியைத் தெரிந்துகொள்ளுங்கள்

வெல்ல வேண்டுமானால் முதலில் எதிரியை அளந்து பார்க்க வேண்டும். 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி செல்சியஸ் பதிவானது. அது நிழலில் அளந்த காற்றின் சூடு. வெயிலில் காயும் ஷீட்டின் முதுகு அதையும் தாண்டி 60 டிகிரிக்கு மேல் போவது வெகு சாதாரணம். அந்த ஷீட் தனக்குக் கீழே இருக்கும் எல்லாவற்றின் மீதும் வெப்பத்தை வீசுகிறது. அடுப்பைத் தலைகீழாகக் கவிழ்த்து, அதற்குக் கீழே பெட்டி பெட்டியாகச் சாமான் அடுக்கி வைத்திருக்கிறோம்!

கான்கிரீட் தளம் வேறு விதமாக விளையாடும். பகலெல்லாம் வெயிலைக் குடித்து வைத்துக்கொண்டு, நான்கைந்து மணி நேரம் கழித்து உள்ளே விடும். அதனால்தான் வெயில் இறங்கிய பிறகும், இரவு எட்டு மணிக்கு, விசிறி போட்டால் அனல் இறங்குகிறது. நம்பிக்கை இல்லையென்றால் ஸ்டூல் போட்டு ஏறி, உள்கூரையில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள்.

நாட்டில் இதற்கு ஓர் அளவுகோலும் இருக்கிறது. 2018-இல் வந்த 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' என்ற குடியிருப்புக் கட்டட விதித் தொகுப்பு, உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால் கூரையின் ஒரு சதுர மீட்டர் வழியாக 1.2 வாட்டுக்கு மேல் வெப்பம் புகக் கூடாது என்கிறது. மேலே எதுவும் போடாத ஆறு அங்குலக் கான்கிரீட் தளத்தில் 3 வாட்டுக்கும் மேல் புகுகிறது. அதே தளத்தின்மேல் தெர்மாகோல் வகைக் காப்புப் பலகை ஒன்றரை அங்குலம் சேர்ந்தால் 1 வாட்டுக்கும் கீழே இறங்கிவிடும். ஒன்றரை அங்குலம்! உங்களுக்கும் விடுதலைக்கும் நடுவே இருக்கும் தூரம் அவ்வளவுதான்.

இது வசதியைப் பற்றிய பேச்சு மட்டும் என்று நினைக்காதீர்கள். 2010 மே மாதம் அகமதாபாத் வெப்ப அலையில், வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று பின்னர் கணக்கிட்டார்கள். அந்த ஊரின் சாரதாபென் மருத்துவமனையில் வெப்பம் தாக்கிய பச்சிளம் குழந்தைகள் அடுத்தடுத்துச் சேர்க்கப்பட்டார்கள். பிரசவ வார்டு கூரைக்கு நேர் கீழே, மேல் தளத்தில் இருந்தது. அதைக் கீழ்த் தளத்துக்கு மாற்றினார்கள். வெப்பத்தால் வரும் குழந்தைகளின் எண்ணிக்கை குறைந்தது. புது மருந்து இல்லை, புது மெஷின் இல்லை. கூரையிலிருந்து தள்ளி வைத்தார்கள், அவ்வளவே. 2013-இல் அகமதாபாத் தெற்காசியாவின் முதல் வெப்பச் செயல் திட்டத்தை வகுத்தது. அடிபட்ட ஊர் எழுந்து நின்ற கதை அது. நீங்கள் எழ வேண்டாமா?

உங்கள் கைகள் யாருடைய கைகள் தெரியுமா?

"எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க" என்கிறீர்களா? எங்கே நின்று சொல்கிறீர்கள் என்று பாருங்கள்! ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலையில் பீரங்கி வண்டி செய்கிற மண் இது. 1955-இல் தொடங்கிய பெரம்பூர் ஐ.சி.எஃப்-பில்தான், 'ட்ரெயின் 18' என்ற பெயரில், இன்றைய வந்தே பாரத் ரயில் 2018-இல் உருவானது. அந்தப் பெரம்பூருக்கும் அம்பத்தூருக்கும் வேலைக்குப் போய் வருகிறவர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். முன்பின் தெரியாத கோடிக் கணக்கான பயணிகளுக்காக ரயில் பெட்டியின் கூரைக்குள் வெப்பக் காப்பு வைத்து மூடுகிற கை, தன் வீட்டுக் கூரையை வெறுமனே விட்டு வைக்கலாமா?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷெட்டுகளின் தலையில் மின்சாரமே இல்லாமல் சுழலும் உருண்டையான காற்றாடிகளைப் பார்த்திருப்பீர்கள். டர்போ வென்டிலேட்டர். உள்ளே தேங்கும் சூட்டை மேல் வழியாக வெளியேற்றும் கருவி. அதற்குக் கீழே நின்று எட்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, "மேல் மாடி என்றால் அப்படித்தான்" என்கிறோம். பதிலைப் பார்த்துக்கொண்டே கேள்வியைக் கண்டு பயப்படுகிறோம்.

இன்னும் பின்னால் போங்கள். மெட்ராஸ் டெரஸ் என்று உலகம் பெயர் வைத்துக் கொண்டாடும் கூரை எந்த ஊருடையது? தேக்கு உத்திரங்களுக்கு மேல் சின்னச் செங்கல்லைச் சாய்வாக நிறுத்தி அடுக்கி, சுண்ணாம்பில் பிணைத்து, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து, சித்தாள் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாள்கணக்கில் தட்டித் தட்டி இறுக்கிய கூரை அது. அதன் மேல் தட்டோடு. அந்தக் கனத்தைத் தாண்டி வெயில் எளிதில் இறங்காது. கான்கிரீட் வந்த பிறகும் அதே செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பும் தட்டோடும் 'வெதரிங் கோர்ஸ்' என்ற பெயரில் நம் மாடிகளில் தொடர்ந்தன. பட்ஜெட் இடித்தபோது முதலில் நாம் வெட்டியது அதைத்தான்! கட்டையால் தட்டிய அந்தக் கைகளின் பேரன் பேத்திகள் நீங்கள். தெரியாது என்று சொல்லாதீர்கள். மறந்துவிட்டது என்று சொல்லுங்கள், நினைவுபடுத்திக்கொள்ளலாம்.

முதல் வெற்றி: காற்று

முதலில் இரண்டு சாதா தெர்மாமீட்டர் வாங்குங்கள். ஒன்று ஸ்டோர் ரூமில், ஒன்று அதற்குக் கீழே இருக்கும் அறையில். பிற்பகல் மூன்று மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் பார்த்து நோட்டில் எழுதுங்கள். தன்னம்பிக்கை என்பது கண்ணாடி முன் நின்று கத்துவதால் வருவதில்லை. நேற்று இவ்வளவு இருந்தது, என் கை பட்டதும் இன்று இவ்வளவு குறைந்தது என்ற கணக்கால் வருவது.

அடுத்து, காலை ஆறு மணிக்கு ஏறுங்கள். சூரியன் சோம்பலாக இருக்கும்போதே நீங்கள் சுறுசுறுப்பாக இருக்க வேண்டும். அறையைக் காலி செய்யுங்கள். தின்னர், பெட்ரோல், ஸ்பிரே டப்பா, தீபாவளிக்கு மிஞ்சிய பட்டாசு, கேஸ் சிலிண்டர், பழைய பேட்டரி எதுவும் அங்கே இருக்கக் கூடாது. சூட்டில் அவை ஆவி கக்கும், தீப்பிடிக்கும். மாத்திரை மருந்தும் அங்கே கூடாது. அட்டையிலேயே இத்தனை டிகிரிக்குக் கீழே வையுங்கள் என்று அச்சிட்டிருப்பார்கள். பத்திரம், சான்றிதழ், போட்டோ மூன்றையும் கீழ் அறைப் பீரோவுக்கு இறக்குங்கள்.

அந்துருண்டை விஷயத்தில் தனியாக ஒரு எச்சரிக்கை. நாஃப்தலீன் உருண்டை போட்டு வைத்த துணியைப் பச்சிளம் குழந்தைக்கு அப்படியே போர்த்தாதீர்கள். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு அந்த ஆவி சிவப்பணுக்களையே உடைத்துவிடும். துணிக்கு வேப்பிலையும் வசம்பும் வைத்த வீடுகள் நம்முடையவை. மூடி இறுகும் டப்பாவும் நல்ல வெயிலில் உலர்த்திய துணியும் இருந்தால் பூச்சிக்கு வேலையே இல்லை.

புறா எச்சமும் எலிப் புழுக்கையும் கிடந்தால் விளக்குமாற்றை எடுக்காதீர்கள். உலர்ந்ததைப் பெருக்கினால் அது தூளாகப் பறந்து நுரையீரலுக்குள் போகும். என்-95 முகக் கவசம், கையுறை, பிளீச்சிங் கரைசல். நன்றாகத் தெளித்து ஊறவிட்டு, ஈரத்தோடு வழித்தெடுங்கள். சுவரில் பூஞ்சணம் இருந்தால் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவிக் காயவிடுங்கள். காய்ந்த பிறகும் திரும்ப வந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று பொருள். ஒழுக்கை அடைக்காமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள். ஒழுகும் கூரைக்குக் காப்பு போட்டால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும்.

இப்போது சுவருக்கு வாய் திறங்கள். சூடான காற்று மேலே ஏறும். அதற்கு மேலே ஒரு வழி வேண்டும். குளிர்ந்த காற்று கீழே நுழையும். அதற்குக் கீழே ஒரு வழி வேண்டும். பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வரும். அந்தப் பக்கச் சுவரில், தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் ஒரு திறப்பு. எதிர்ச் சுவரில் கூரைக்குச் சற்றுக் கீழே இன்னொன்று. ஒவ்வொன்றும் ஒரு சதுர அடிக்குக் குறையாமல் இருக்கட்டும். எலி புகாத கம்பி வலையும் கொசு வலையும், மழைச் சாரலைத் தடுக்கச் சாய்வான பலகைகளும் வையுங்கள். திறப்பு போதவில்லையென்றால் மேல் திறப்பில் ஒரு சின்ன எக்ஸாஸ்ட் ஃபேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் மூடி வையுங்கள். வானம் வெளுத்ததும் திறந்து ஈரத்தை விரட்டுங்கள். சாமான்களைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளியும், தரையிலிருந்து ஒரு செங்கல் உயரம் தூக்கியும் அடுக்குங்கள். அட்டைப் பெட்டிக்கு விடை கொடுங்கள். கரப்பானுக்கும் கறையானுக்கும் அது விருந்து.

இரண்டாம் வெற்றி: வெள்ளை

கருத்துப் போன சிமெண்ட் தரை வெயிலில் பெரும்பகுதியை விழுங்குகிறது. புதிதாகப் பூசிய நல்ல வெள்ளைப் பூச்சு பெரும்பகுதியைத் திருப்பி அனுப்புகிறது. அவ்வளவுதான் அறிவியல். கூரை வெள்ளையானால் கீழே இருக்கும் அறையில் 2 முதல் 5 டிகிரி வரை குறையலாம். கரண்டே இல்லாமல்!

கடையில் கூல் ரூஃப் பெயின்ட் கிடைக்கிறது. வசதி இருந்தால் அதை அடியுங்கள், சில வருடம் நிற்கும். வசதி இல்லையா? கிளிஞ்சல் சுண்ணாம்பு இருக்கிறது. முதல் நாள் இரவே ஊறவைத்து, வடிகட்டி, ஒட்டுப் பசை கொஞ்சம் கலந்து, பாசியும் தூசும் போகக் கழுவிய தளத்தை லேசாக நனைத்து, இரண்டு கோட்டு அடியுங்கள். ஒரு கோடைக்குத் தாங்கும். மழைக்குப் பிறகு அழுக்கேறினால் அடுத்த வருடம் மறுபடி அடிக்கலாம். கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு உறையும் கட்டாயம். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் விளையாட்டில்லை. நிரந்தரமாக வேண்டும் என்பவர்கள் உடைந்த வெள்ளை டைல்ஸ் துண்டுகளைப் பதிக்கலாம். தோட்டக்கலைத் துறையின் மாடித் தோட்டப் பொருள்களை வாங்கி, நிழல்வலையோ அவரைப் பந்தலோ போட்டால் சூடும் குறையும், காயும் கிடைக்கும்.

மூன்றாம் வெற்றி: காப்பு

ஷீட் அறைக்கு உள்ளேயும் ஒரு தடுப்பு வேண்டும். இங்கேதான் மிகக் கவனமாகக் கேளுங்கள். உங்கள் ஷீட் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டாக இருந்தால் அதில் துளை போடாதீர்கள், அறுக்காதீர்கள், உலர்ந்த பிரஷ்ஷால் சுரண்டாதீர்கள். எந்த வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உடைக்காமல், தூள் கிளப்பாமல் விட்டால் ஆபத்து குறைவு. பாசியை எடுக்க வேண்டுமானால் நன்றாக நனைத்து, மென்மையாகத் துடைக்க வேண்டும். அதன்மேல் காலை வைத்து ஏறவே ஏறாதீர்கள். பழைய ஷீட் சத்தமில்லாமல் உடையும். தைரியம் வேறு, அசட்டுத் துணிச்சல் வேறு.

அப்படியானால் காப்பை எங்கே மாட்டுவது? சுவரில்! ஷீட்டைத் தொடாமல், சுவருக்குச் சுவர் மரச் சட்டமோ ஜி.ஐ. சேனலோ நிறுத்தி, ஷீட்டுக்குக் கீழே நான்கு விரல் இடைவெளி விட்டுத் தனிக் கூரை கட்டுங்கள். அதில் அலுமினிய ஃபாயில் ஒட்டிய காப்பு ஷீட்டை மாட்டுங்கள். பளபளப்பான அலுமினியம் தன்மேல் விழும் வெப்பக் கதிரில் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேல் திருப்பிவிடும். ஆனால் ஒரு நிபந்தனை: பளபளப்பான முகத்துக்கு எதிரே காற்று இடைவெளி இருக்க வேண்டும். எதிலாவது ஒட்டிவிட்டால் அது வெறும் உலோகத் தகடு, வெப்பத்தைக் கடத்திவிடும். தூசு படிந்தாலும் பலன் குறையும். அதனால் பளபளப்பைக் கீழ்ப்பக்கம் பார்த்து மாட்டுவதே நீண்ட நாள் நிற்கும். அந்த நான்கு விரல் இடைவெளியின் இரு முனையும் வெளியே திறந்திருக்கட்டும். அங்கே தேங்கும் சூடு தானாக ஓடிவிடும்.

தெர்மாகோல் மலிவு, நல்ல காப்பு. ஆனால் எளிதில் தீப்பிடித்து நச்சுப் புகை கக்கும். திறந்தபடி விடாமல் ஜிப்சம் போர்டோ சிமெண்ட் போர்டோ போட்டு மூடுங்கள். மின்கம்பியைப் பக்கத்தில் வர விடாதீர்கள். கான்கிரீட் தளமாக இருந்தால் காப்பை மேலே போடுவதே சிறந்தது: நீர்க்காப்பு, காப்புப் பலகை, அதன்மேல் சாந்தும் வெள்ளை டைல்ஸும். தளத்தின்மேல் மண்பானைகளைக் கவிழ்த்து அடுக்கி, இடையில் ஜல்லிச் சுண்ணாம்பு நிரப்பும் பழைய முறை கூட உண்டு. பானைக்குள் அடைபட்ட காற்றுதான் காப்பு. காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருள் இல்லை இது. காற்று! அதை அடைத்து வைக்கத் தெரிந்தால் போதும்.

சாக்குகளை எரித்துவிடுங்கள்

"வாடகை வீடு" என்கிறீர்களா? சட்டத்தில் மாட்டிய ஃபாயிலைக் கழற்றி எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகலாம். சுண்ணாம்பு அடிக்கிறேன் என்று கேட்டால் வேண்டாம் என்று எந்த வீட்டுக்காரர் சொல்லப் போகிறார்?

"காசு இல்லை" என்கிறீர்களா? அறையைக் காலி செய்யக் காசு வேண்டாம். சுண்ணாம்புக்கு ஆகும் செலவு, ஏ.சி.-க்கு வாங்கும் கடனின் ஒரு மாதத் தவணை கூட வராது.

"நேரம் இல்லை" என்கிறீர்களா? ஃபோனில் அடுத்தவன் வீட்டு மாடியைச் சுற்றிப் பார்க்க நேரம் இருக்கிறது. உங்கள் மாடிக்கு ஏற நேரம் இல்லையா?

"பொம்பளை நான் எப்படி மாடி ஏறிப் பூசுவது" என்கிறீர்களா, அக்கா? மெட்ராஸ் டெரஸைத் தட்டி இறுக்கியது யார் என்று இன்னொரு தடவை படியுங்கள்.

"அரசாங்கம் பார்த்துக்கொள்ளும்" என்கிறீர்களா? அரசாங்கமும் எழுந்திருக்கிறது. தெலங்கானா 2023-இல் குளிர் கூரைக் கொள்கையே வகுத்தது. தமிழ்நாடு 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது; பெரும்பாக்கம் குடியிருப்புகளின் மாடிகளில் வெள்ளைப் பூச்சைச் சோதித்துப் பார்த்தது. நல்லது. ஆனால் அரசாங்கத்தின் ஏணி உங்கள் ஸ்டோர் ரூம்வரை வந்து சேர எத்தனை கோடை ஆகும்? அதுவரை கீழ் அறையில் தூங்கும் குழந்தைக்கு என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்?

எடுத்தவுடன் எல்லாம் சரியாக அமையாது. முதல் கோட்டு திட்டுத் திட்டாக வரும். ஃபாயில் ஒரு பக்கம் தொங்கும். பக்கத்து வீட்டார் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்! நோட்டில் எழுதிய எண் இறங்கத் தொடங்கியதும், அவர்களே வந்து, "என்ன சார் பண்ணீங்க?" என்று கேட்பார்கள். அப்போது மறைக்காமல் சொல்லுங்கள். தெர்மாமீட்டரையும் இரவல் கொடுங்கள். ஒரு வெள்ளை மாடி ஒரு வீட்டைக் காக்கும். தெரு முழுக்க வெள்ளையானால் அந்தத் தெருவின் காற்றே கொஞ்சம் அடங்கும்.

மே 4-ஆம் தேதி வாக்கில் கத்திரி பிறந்துவிடும். அதற்கு முன் வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் காலண்டரில் இப்போதே வட்டமிடுங்கள். அன்று காலை ஆறு மணிக்கு உங்கள் கையில் சாவியும் முகக் கவசமும் ஒரு வாளிச் சுண்ணாம்பும் இருக்கட்டும். யாரையும் எதிர்பார்க்காதீர்கள், நல்ல நேரம் பார்க்காதீர்கள். தொடங்குங்கள்!